புகைமூட்டத்தால் தில்லிப் பள்ளி மூடினால், மறுநாள் காலையே வகுப்பு நடத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

தீபாவளி நெருங்கினாலே தில்லிப் பள்ளிகளின் ஸ்டாஃப் ரூமில் ஒரே பேச்சுதான்: இந்த வருஷம் எப்போது மூடுவார்கள்? ஆணை பெரும்பாலும் சாயங்காலமோ ராத்திரியோ வருகிறது. மறுநாள் காலை எந்தப் பிள்ளை பள்ளிக்கு வர வேண்டும், எந்தப் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு ராத்திரிக்குள் மாறிவிடும்.

புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர்கள் இதில் முதலில் கை வைப்பது மீட்டிங் லிங்க்கில். தடுமாற்றமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. லிங்க் கிட்டத்தட்ட கடைசி வேலை. முதல் வேலை, போன் கைக்கு எட்டாத பிள்ளைக்கு வழி பண்ணுவது. அதை முடித்துவிட்டால் அட்டவணை, லிங்க், வருகைப் பதிவு எல்லாம் அதையொட்டியே வரிசையாக அமைந்துவிடும். அதைத் தள்ளிப் போட்டால், எவ்வளவு நேர்த்தியாக லிங்க் அனுப்பினாலும் நமக்கு யார் மேல் கவலை அதிகமோ அந்தப் பிள்ளைகள்தான் திரையில் இருக்க மாட்டார்கள்.

கீழே இருப்பது வகுப்பாசிரியர்களுக்கும், இந்த வேலையைத் தலையில் எடுத்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளருக்கும். தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன், ஆனால் தில்லியில் எந்தப் பள்ளிக்கும் பொருந்தும்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

செப்டம்பர் கடைசிக்குள் இவை தயாராக இருக்கட்டும்: வகுப்புவாரியாகப் பெற்றோர் தொலைபேசிப் பட்டியல் (பழையது உதவாது, ஏன் என்று கீழே சொல்கிறேன்), பள்ளியின் பெயரில் உள்ள மின்னஞ்சல் கணக்குகள், ஒர்க் ஷீட் அச்சடிக்கப் போதுமான காகிதமும் டோனரும், ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்றிரண்டு மொபைல் ஸ்டாண்ட், சட்டையில் குத்திக்கொள்ளும் காலர் மைக்.

எல்லாவற்றுக்கும் மேல், ராத்திரி ஒன்பது மணிக்கு முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பிரின்சிபல் ஊரில் இல்லை, வைஸ் பிரின்சிபல் போன் எடுக்கவில்லை என்றால் அடுத்தது யார்? இது தெளிவாக இல்லாத பள்ளியில் ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்புக்குத் தனித்தனியாக ஒரு செய்தி அனுப்புவார், அண்ணன் தம்பி இருவரும் ஒரே பள்ளியில் படிக்கும் வீட்டில் இரண்டு விதமான செய்தி போய்ச் சேரும்.

## 1. ஆணையைச் சரியாகப் படிக்கப் பழகுங்கள்

தில்லி தேசியத் தலைநகரப் பகுதிக்குக் காற்று மாசைச் சமாளிக்க 'கிராப்' என்ற படிநிலைத் திட்டம் உண்டு. காற்றுத் தரக் குறியீடு 201 முதல் 300 வரை முதல் நிலை, 301 முதல் 400 வரை இரண்டாம் நிலை, 401 முதல் 450 வரை மூன்றாம் நிலை, 450-ஐத் தாண்டினால் நான்காம் நிலை. எந்த நிலை அமலில் இருக்கிறது என்று அறிவிப்பது காற்றுத் தர மேலாண்மை ஆணையம். பள்ளிகளுக்கான சர்க்குலர் கல்வி இயக்குநரகத்திலிருந்து வரும்.

2024 டிசம்பரில் திருத்தப்பட்ட விதியின்படி, மூன்றாம் நிலையில் 5-ம் வகுப்பு வரை ஹைபிரிட், அதாவது நேரிலும் ஆன்லைனிலும் சேர்த்து வகுப்பு. நான்காம் நிலையில் 6 முதல் 9 வரையும் 11-ம் வகுப்பும் அதோடு சேரும். இது அடிப்படை மட்டுமே. அன்றைய நிலைமையைப் பார்த்து அரசு இதைவிடக் கடுமையாகவும் ஆணையிடலாம், சின்ன வகுப்புகளை முழுக்க ஆன்லைனுக்கே மாற்றலாம். விதியும் வருஷத்துக்கு வருஷம் திருத்தப்படுகிறது. அதனால் போன வருஷ ஞாபகத்தில் செயல்படாமல், அன்று வந்த காகிதத்தைப் படியுங்கள்.

ஆணையில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எந்த வகுப்புகள், எந்தத் தேதி முதல், ஆன்லைனா ஹைபிரிட்டா. கடைசியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆன்லைன் என்றால் பிள்ளைகள் யாரும் பள்ளிக்கு வரக் கூடாது. ஹைபிரிட் என்றால் வருவதா வீட்டிலிருந்து படிப்பதா என்பதைப் பெற்றோரும் பிள்ளையும் முடிவு செய்வார்கள், பள்ளி இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும். இது தெரியாமல் ஹைபிரிட் ஆணை வந்த அன்று "நாளை பள்ளி விடுமுறை" என்று குரூப்பில் போட்டுவிட்டால், பள்ளிக்கு வந்தாக வேண்டிய நிலையில் இருக்கும் பிள்ளையின் கதவை நாமே சாத்துகிறோம்.

எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு 2024 நவம்பரைப் பாருங்கள். 14-ம் தேதி சாயங்காலம் தொடக்க வகுப்புகள் ஆன்லைன் என்று அறிவிப்பு. 17-ம் தேதி ராத்திரி, 10, 12 தவிர மற்ற எல்லாருக்கும் ஆன்லைன். 18-ம் தேதி குறியீடு 494, அன்றே உச்ச நீதிமன்றம் அந்த வகுப்புகளையும் நிறுத்தச் சொன்னது. 25-ம் தேதி அதே நீதிமன்றம், பல பிள்ளைகளுக்கு மதிய உணவு கிடைக்கவில்லை, ஆன்லைனில் படிக்க வசதியும் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டித் தளர்வு பற்றி யோசிக்கச் சொல்ல, ராத்திரியே ஹைபிரிட் ஆணை வந்தது. இரண்டு வாரத்துக்குள் இத்தனை மாற்றம். ஒவ்வொரு தடவையும் புதிதாகத் திட்டம் போடுவது நடக்காத காரியம்.

முன்கூட்டியே மோப்பம் பிடிக்க ஒரு வழி உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினமும் மாலை 4 மணிக்கு முந்தைய 24 மணி நேரச் சராசரியை வெளியிடுகிறது. 'சமீர்' செயலியிலும் பார்க்கலாம். மந்திர் மார்க், ஆர்.கே.புரம், பூசா, லோதி ரோடு என்று நம் பள்ளிகளுக்குப் பக்கத்திலேயே கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. மாலைச் சராசரி 380-ஐத் தாண்டி, காற்றும் வீசாமல் கிடந்தால் ஒருங்கிணைப்பாளர் அன்றே ஆசிரியர்களிடம் "தயாராக இருங்கள்" என்று ஒரு வரி சொல்லிவிடலாம். பெற்றோரிடம் மட்டும், சர்க்குலர் கைக்கு வராமல் எதுவும் சொல்ல வேண்டாம். பழைய வருஷத்து ஆணைகள் தேதி வெட்டப்பட்டு ஒவ்வொரு நவம்பரிலும் ஃபார்வேர்டாகச் சுற்றுகின்றன.

## 2. "போன் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள்

இந்தப் படிதான் முழு வேலைக்கும் அஸ்திவாரம், அதனால் இங்கே கொஞ்சம் நிதானிக்கிறேன்.

வகுப்பில் நின்று "வீட்டில் ஸ்மார்ட்போன் யாரிடமெல்லாம் இருக்கிறது?" என்று கேட்டால் எல்லாக் கையும் உயரும். இல்லை என்று சொல்ல எந்தப் பிள்ளையும் விரும்பாது. தூக்கிய கைகளை எண்ணி, நம் வகுப்பில் எல்லாருக்கும் போன் உண்டு என்று எழுதிக்கொண்டு போகிற பட்டியலை வைத்துத்தான் நிறையப் பள்ளிகள் திட்டம் போடுகின்றன.

கேட்க வேண்டியது பெற்றோரை, அதுவும் தனியாக, பி.டி.எம். (பெற்றோர்-ஆசிரியர் கூட்டம்) அன்று. கேள்வியும் வேறு: "காலை ஒன்பது மணிக்கு அந்த போன் எங்கே இருக்கும்?"

நாலாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், சவாரி பிடிப்பதே போனில்தான், காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டுக்குத்தான் திரும்புகிறார். அம்மா மூன்று வீடுகளில் சமையல் வேலை, அவரிடம் இருப்பது பட்டன் போன். ஏழாம் வகுப்பில் ஒரு அண்ணன். பட்டியலில் இந்த வீட்டுக்கு "ஸ்மார்ட்போன்: உண்டு" என்று இருக்கும். உண்மையில் இந்தப் பிள்ளைகளுக்குப் பகலில் போன் கிடையாது. ராத்திரி எட்டிலிருந்து ஒன்பதரை வரை உண்டு, அதுவும் இரண்டு பேருக்குச் சேர்த்து.

இப்படிக் கேட்டால் வீடுகள் நான்கு வகையாகப் பிரியும்:

அ – பகல் முழுக்கப் பிள்ளைக்கென்று போனோ லேப்டாப்போ உண்டு.
ஆ – பகலில் ஒரு போன் உண்டு, ஆனால் அண்ணன் தம்பி அக்கா தங்கையோடு பகிர வேண்டும்.
இ – ராத்திரி மட்டும் கிடைக்கும்.
ஈ – இணையம் உள்ள போனே கிடையாது, அல்லது ரீசார்ஜ் பண்ண முடியாமல் பாதி மாதம் செத்துக் கிடக்கும்.

ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்திலும் இந்த எழுத்தில் ஒன்று. கூடவே இன்னும் மூன்று குறிப்பு: பகலில் வீட்டில் பெரியவர் யாராவது இருப்பார்களா, வீட்டில் தமிழில் வரும் செய்தியைப் படிப்பார்களா இந்தியிலா, பிள்ளைக்கு ஆஸ்துமா மாதிரி மூச்சுத் தொந்தரவு உண்டா.

தமிழ் விஷயத்தை லேசாக எடுக்காதீர்கள். தில்லியில் பிறந்து வளர்ந்த பல பெற்றோர் தமிழ் பேசுவார்கள், படிக்கச் சிரமப்படுவார்கள். ஊரிலிருந்து வந்து சில வருஷமே ஆனவர்களுக்கு இந்தி எழுத்து ஓடாது. இரண்டு தரப்புக்கும் பொதுவாக உதவுவது குரல் செய்திதான்.

பட்டியலைப் போன வருஷத்திலிருந்து நகல் எடுக்காதீர்கள். எண் மாறுகிறது, வீடு மாறுகிறது. 2025 ஜூனில் ஜங்புரா மதராசி கேம்ப் இடிக்கப்பட்டபோது ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள், அது நகரத்தின் வடக்குக் கோடி. அந்த மாதிரி இடத்திலிருந்து ஒரு பிள்ளை தெற்கு தில்லிப் பள்ளிக்கு வருகிறது என்றால், "நாளைக்கு வந்து ஒர்க் ஷீட் வாங்கிக்கொள்" என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை.

## 3. 'ஈ' பிரிவுக்கு முதலில் திட்டம் போடுங்கள்

'அ' பிரிவுக்குத் திட்டம் போட்டுவிட்டு மற்றவர்களை அதில் ஒட்டவைக்கப் பார்ப்பதுதான் எங்கும் நடக்கிறது. தலைகீழாக வாருங்கள். 'ஈ' பிரிவுப் பிள்ளைக்கு ஒத்து வரும் பாடத்தை 'அ' பிரிவுப் பிள்ளையாலும் செய்ய முடியும், அவர்களுக்கு வகுப்பு கூடுதல் உதவி. மறுபக்கத்திலிருந்து வந்தால் அப்படி நடக்காது.

அதற்கான கருவி, நீல உறையில் போட்டுக் கொடுக்கும் அச்சடித்த பாடப் பொட்டலம். ஐந்து நாளுக்கு ஒன்று, நாளுக்கு இரண்டு பக்கம், வகுப்பு 3 முதல் 8 வரை. புதுப் பாடம் வைக்காதீர்கள். ஏற்கெனவே வகுப்பில் தொட்டதைப் பயிற்சி செய்யும் கணக்கு, ஒரு வாசிப்புப் பத்தி, வீட்டில் இருப்பதை வைத்துச் செய்யும் ஒரு வேலை. உதாரணமாக, மின்சார பில்லைப் பார்த்து யூனிட்டை எழுதி, போன மாதத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் எவ்வளவு என்று கண்டுபிடிப்பது. பெரியவர் துணை இல்லாமல் பிள்ளை தானாகச் செய்ய முடிகிற அளவில் இருக்க வேண்டும், ஏனென்றால் நம் பட்டியலிலேயே தெரியும், பகலில் வீட்டில் யாரும் இல்லை.

பொட்டலத்தை எப்போது கொடுப்பது? தீபாவளி விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள். ஆணை வந்த பிறகு என்றால் எட்டிப்பிடிக்க முடியாது. பொட்டலம் பையிலேயே இருக்கட்டும், "பள்ளி மூடினால் மட்டும் திறக்கணும்" என்று சொல்லிக் கொடுங்கள். சில பிள்ளைகள் அன்றைக்கே முடித்துக்கொண்டு வரும், இருக்கட்டும்.

அப்புறம் தொலைபேசி அழைப்பு. 'ஈ' பிரிவில் உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் வகுப்பாசிரியர் இரண்டு நாளுக்கு ஒரு தடவை சாதாரண அழைப்பில் கூப்பிட வேண்டும், அம்மாவின் பட்டன் போனுக்கு, அவர் வீட்டுக்கு வரும் நேரத்தில். ஐந்து நிமிஷம் போதும்: என்ன பண்ணினாய், எங்கே நின்றது, அந்தப் பத்தியைக் கொஞ்சம் வாசி. இந்த ஐந்து நிமிஷம் சில பிள்ளைகளுக்கு மற்றவர்களின் அரை மணி நேர ஆன்லைன் வகுப்பைவிட அதிகம் தரும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை போனில் பேசும்.

பிரதமரின் இ-வித்யா தொலைக்காட்சிச் சேனல்கள் டி.டி. ஃப்ரீ டிஷ்ஷில் வருகின்றன, டி.வி. இருக்கும் வீட்டில் பயன்படுத்தலாம். ஆனால் அதன் பாட வரிசையும் உங்கள் பாட வரிசையும் ஒன்றாக இருக்காது. துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஹைபிரிட் ஆணை என்றால் 'ஈ' பிரிவுப் பிள்ளைகள் பள்ளிக்கு வர முடியும், பலருக்கு அதுதான் நல்லது. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் 8-ம் வகுப்பு வரை மதிய உணவு உண்டு. மூடிய நாளில் அந்தச் சாப்பாடு என்ன ஆகும் என்பதையும் உங்கள் மதிய உணவுப் பொறுப்பாளரிடம் முன்பே கேட்டு எழுதி வையுங்கள். பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி பல வீடுகளில் அதுவாகத்தான் இருக்கும்.

## 4. பள்ளி அட்டவணையை அப்படியே திரைக்கு ஏற்றாதீர்கள்

எட்டுப் பீரியடை எட்டு லிங்க் ஆக்குவது அடுத்த பெரிய தவறு. மத்தியக் கல்வி அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதல் திரை நேரத்துக்கு வரம்பு சொல்கிறது: மழலை வகுப்புக்கு நாளுக்கு 30 நிமிஷம், 1 முதல் 8 வரை 30-லிருந்து 45 நிமிஷ வகுப்பு இரண்டுக்கு மேல் வேண்டாம், 9 முதல் 12 வரை நான்குக்கு மேல் வேண்டாம்.

இதற்குள் அடக்கினால் வேலை சுலபமாகிறது. தொடக்க வகுப்பில் ஒரு நாள் கணக்கும் தமிழும், மறுநாள் ஆங்கிலமும் சூழ்நிலையியலும். இந்தி எப்போது என்று கேட்பார்கள். தில்லித் தெருவில் வளரும் பிள்ளைக்கு ஒரு வாரம் இந்தி நின்றால் பெரிய நஷ்டம் இல்லை, தமிழுக்கு அந்தத் தெரு கிடையாது. என் கருத்து இது, உங்கள் பள்ளி வேறு மாதிரி முடிவெடுக்கலாம்.

'ஆ' பிரிவுக்காக வகுப்புகளின் நேரத்தைத் தள்ளித் தள்ளி வையுங்கள். 1 முதல் 5 வரை காலை 9-லிருந்து 10.30, 6 முதல் 8 வரை 11-லிருந்து 12.30, 9-க்கு மேல் பகல் 1 மணிக்கு மேல் என்றால், ஒரே வீட்டு அண்ணனும் தங்கையும் ஒரே போனில் படிக்க முடியும். 'இ' பிரிவுக்கு, ஆசிரியர் அன்றைய பாடத்தின் சாரத்தை ஐந்து நிமிஷக் குரல் செய்தியாகவும் கரும்பலகைப் படமாகவும் மாலை ஏழு மணிக்குள் போட வேண்டும். முழு வகுப்பையும் பதிவு பண்ணி அனுப்பாதீர்கள். அந்த வீட்டில் டேட்டா மதியமே தீர்ந்திருக்கும்.

## 5. இப்போது லிங்க்

பள்ளிக் கணக்கிலிருந்து மட்டும். ஆசிரியரின் சொந்தக் கணக்கில் போனால் கூகுள் மீட் குழு வகுப்பை 60 நிமிஷத்திலும் ஜூம் 40 நிமிஷத்திலும் துண்டிக்கும், அவர் லீவு போட்டால் வகுப்பே இல்லை. கூகுளின் கல்விக்கான அடிப்படைக் கணக்கைத் தகுதியுள்ள பள்ளிகளுக்கு இலவசமாகத் தருகிறார்கள், ஒரு வகுப்புக்கு 100 பேர் வரை தாங்கும். அனுமதி வர நாளாகலாம், ஜூலையிலேயே விண்ணப்பியுங்கள்.

ஒரு பிரிவுக்கு வருஷம் முழுக்க ஒரே லிங்க். தினமும் புதிது அனுப்பினால் குரூப்பில் "எந்த லிங்க் மேடம்?" என்ற கேள்விகளில் பாடம் கரைந்துவிடும். உள்ளே வரும்போது ரோல் நம்பரும் பெயரும், உதாரணமாக "14 கவின்". அப்பா பெயரிலோ கடைப் பெயரிலோ நுழைபவரைத் திரும்பக் கேட்டு உறுதி செய்த பிறகே அனுமதியுங்கள். லிங்க்கை வகுப்புக் குரூப் தவிர வேறு எங்கும் போடக் கூடாது, பள்ளியின் முகநூல் பக்கத்திலும்தான்.

## 6. ஹைபிரிட் வகுப்பு நடத்துவது

ஆன்லைனைவிட இதுதான் கஷ்டம். எதிரே இருபது பேர், போனுக்குள் பதினெட்டுப் பேர். இரண்டு தரப்பையும் நாற்பது நிமிஷமும் ஒன்றாகப் பிடித்து வைக்க முயன்றால் இரண்டும் கைவிட்டுப் போகும். ஆசிரியர் போனைப் பார்த்துப் பேசுவார், எதிரே பின்பெஞ்சு கலையும். வகுப்பைத் திருப்பிப் பிடிப்பார், திரையில் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள்.

நடைமுறையில் ஒத்து வருவது இப்படிப் பிரிப்பது: முதல் 20 நிமிஷம் இரண்டு தரப்புக்கும் சேர்த்து விளக்கம். அப்புறம் வீட்டில் இருப்பவர்கள் போனை வைத்துவிட்டு எழுத்து வேலைக்குப் போகட்டும், ஆசிரியர் எதிரே இருக்கும் பிள்ளைகளோடு மீதி நேரம். கடைசி ஐந்து நிமிஷம் வீட்டுப் பிள்ளைகள் திரும்ப வந்து சந்தேகம் கேட்கலாம்.

போனை மேஜை மேல் சாய்த்து வைக்காதீர்கள். ஸ்டாண்டில், கரும்பலகைக்கு நேராக, முதல் பெஞ்சின் உயரத்தில். பலகையின் இடது பாதியை மட்டும் பயன்படுத்துங்கள், எழுத்து உள்ளங்கை அளவு இருக்கட்டும். முழுப் பலகையும் தெரிய வேண்டும் என்று போனைத் தள்ளி வைத்தால் வீட்டில் ஒரு எழுத்தும் தெரியாது. காலர் மைக் இல்லாமல் ஹைபிரிட்டை ஆரம்பிக்கவே வேண்டாம். நாம் திரும்பி எழுதும்போது குரல் சுவருக்குத்தான் போகும், பிள்ளைகளும் "கேட்கலை" என்று சொல்ல மாட்டார்கள், பேசாமல் இருந்துவிடுவார்கள்.

தமிழ் வகுப்புக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ல, ள, ழ வேறுபாடும் ன, ண வேறுபாடும் மலிவான போன் ஸ்பீக்கரில் ஒன்றாகத்தான் கேட்கும். தில்லிப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே அங்கேதான் சிக்கல். அதனால் ஒலி சார்ந்த பாடத்தையும் சொல்வதெழுதலையும் இந்த நாட்களில் வைக்காதீர்கள், நேரில் வரும்போது செய்யலாம். வைக்கத் தகுந்தது வாய்விட்டு வாசிப்பது: பிள்ளை ஒரு பத்தியை வாசித்துக் குரல் செய்தியாக அனுப்பட்டும், ஆசிரியரும் திருத்தத்தைக் குரலிலேயே, அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியாக, திருப்பி அனுப்பட்டும். குரூப்பில் எல்லார் முன்னும் திருத்தினால் அடுத்த தடவை அந்தப் பிள்ளையின் குரல் வராது.

## 7. பள்ளிக்கு வருகிற பிள்ளைகளின் காற்று

காலைப் பிரேயரை வகுப்பறைக்குள் நடத்துங்கள். விளையாட்டுப் பீரியட் உள்ளே. குறியீடு 300-ஐத் தாண்டிய நாளில் வெளியே ஓட விடுவதில் அர்த்தமில்லை, ஓடுகிற பிள்ளை அதிகமாக மூச்சு வாங்கும், அதிகப் புகை உள்ளே போகும்.

ஏர் பியூரிஃபயர் வாங்கப் பணம் இருந்தால் முதலில் கணக்குப் போடுங்கள். 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயர அறையின் கொள்ளளவு 144 கன மீட்டர். மணிக்கு ஐந்து தடவை அந்தக் காற்று சுத்தமாக வேண்டும் என்றால் 720 கன மீட்டர் சுத்திகரிப்புத் திறன் தேவை. வீட்டு அறைக்கு விற்கும் சின்னக் கருவி ஒன்று போதாது, இரண்டு மூன்று வேண்டியிருக்கும். எல்லா அறைக்கும் ஒவ்வொன்று வைப்பதற்குப் பதிலாக, இரண்டு அறையைச் சரியாகத் தயார் செய்து மழலைகளையும் மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களையும் அங்கே உட்கார வைப்பது நல்லது.

துணி மாஸ்க் நுண்துகளைத் தடுக்காது. என்95 தடுக்கும், ஆனால் முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான். சின்ன முகத்தில் பக்கவாட்டில் இடைவெளி விட்டால் போட்டும் பயன் இல்லை. இன்ஹேலர் உள்ள பிள்ளையின் பெயர் வகுப்பு அலமாரியின் உள்பக்கம் ஒட்டப்பட்டிருக்க வேண்டும், அன்றைக்குப் பதிலாளாக வரும் ஆசிரியருக்கும் அது தெரிய வேண்டும்.

## 8. அக்டோபரில் ஒரு ஒத்திகை

சாதாரண நாள் ஒன்றில், சனிக்கிழமையானால் இன்னும் வசதி, பாதிப் பேரை வீட்டில் இருக்கச் சொல்லி இரண்டு பீரியட் ஹைபிரிட் நடத்திப் பாருங்கள். பட்டியலில் 'அ' என்று எழுதிய சில வீடுகள் உண்மையில் 'இ' என்று அன்றுதான் தெரியும். வைஃபை மூன்றாவது மாடிக்கு எட்டவில்லை, இரண்டு அறைக்கு ஒரே பிளக் பாயின்ட் என்பதெல்லாமும் அன்றுதான் வெளியே வரும்.

## 9. ஆணை வந்த ராத்திரி

வரிசை இதுதான். ஒருங்கிணைப்பாளர் இயக்குநரகத்தின் தளத்தில் சர்க்குலரைச் சரிபார்க்கிறார். பொறுப்பாளர் ஒப்புதல் தருகிறார். ஒரே வாசகம் எல்லா வகுப்புக் குரூப்புக்கும் போகிறது. பஸ், வேன் ஓட்டுநர்களுக்குத் தனி அழைப்பு. வகுப்பாசிரியர்கள் 'ஈ' வீடுகளுக்குப் போன் பண்ணுகிறார்கள். ஒன்பதரைக்குள் முடியவில்லை என்றால் மீதியைக் காலை ஆறரைக்கு வைத்துக்கொள்ளலாம், வேலைக்குக் கிளம்பும் முன் பிடித்துவிட வேண்டும்.

செய்தி இப்படி இருக்கட்டும்:

"நாளை செவ்வாய் முதல் 1 முதல் 5-ம் வகுப்பு வரை ஹைபிரிட். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம், வீட்டிலிருந்தும் படிக்கலாம். பள்ளி வழக்கமான நேரத்தில் திறந்திருக்கும். வீட்டிலிருந்து படித்தால் காலை 9 மணி, வழக்கமான லிங்க். போன் இல்லாதவர்கள் நீல உறையில் உள்ள பாடத்தை எடுக்கவும். 6 முதல் 12 வரை மாற்றம் இல்லை. அடுத்த தகவல் நாளை மாலை 6 மணிக்கு."

கடைசி வரி முக்கியம். அது இல்லாவிட்டால் ராத்திரி பதினொன்று வரை கேள்வி வந்துகொண்டே இருக்கும். இதையே இந்தியிலும், இரண்டு மொழியிலும் குரலாகவும் அனுப்புங்கள். மாற்றம் இல்லாத வகுப்புகளையும் சொல்லத் தவறாதீர்கள், சொல்லாவிட்டால் அவர்களும் வர மாட்டார்கள்.

## 10. வருகைப் பதிவும் மதிப்பெண்ணும்

லிங்க்கில் நுழைந்ததை வைத்து மட்டும் வருகை போடாதீர்கள். வகுப்புக்கு வந்தவர், குரல் செய்தி அனுப்பியவர், போனில் பேசியவர், பொட்டலத்தை முடித்துக் கொண்டுவருபவர் எல்லாருமே படித்தவர்கள்தான். பதிவேட்டில் எப்படிக் குறிப்பது என்பதைப் பிரின்சிபலிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 10, 12 வகுப்புகளுக்கு சி.பி.எஸ்.இ.யின் 75 சதவீத வருகை விதி இருக்கிறது, கடைசியில் தகராறு வந்தால் அந்தக் காகிதம்தான் பிள்ளையைக் காப்பாற்றும்.

10, 12-க்குச் செய்முறைத் தேர்வுகள் ஜனவரியில் ஆரம்பித்துவிடும், அதனால் ஆய்வகப் பாடங்களை அக்டோபருக்குள் முடிந்தவரை முன்னே தள்ளுங்கள். தியரியை நவம்பரில் திரையில் பார்த்துக்கொள்ளலாம், டைட்ரேஷனைத் திரையில் செய்ய முடியாது. மூடிய நாட்களின் வேலைக்கு மதிப்பெண் வேண்டாம். மதிப்பெண் வைத்தால் நல்ல போன் உள்ள வீட்டுக்குத்தான் மதிப்பெண் போகும்.

## 11. திரும்பி வந்த முதல் இரண்டு நாள்

"ஆன்லைனில் நடத்தியாச்சு" என்று அடுத்த பாடத்துக்குத் தாவ வேண்டாம். முதல் நாள் நீல உறைகளை வாங்கி, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கே நின்றது என்று பாருங்கள். இரண்டாம் நாள் நாலைந்து கேள்வியில் வாய்மொழியாக ஒரு சோதனை, மார்க் இல்லாமல். பாதி வகுப்புக்கு மேல் தடுமாறினால் அந்தப் பாடத்தை முதலிலிருந்து நடத்துங்கள். நாலைந்து பேர் மட்டும் என்றால் காலையில் பத்து நிமிஷம் முன்னதாக வரச் சொல்லுங்கள்.

அதே வாரத்தில் இரண்டாவது பொட்டலத்தை அச்சடித்து விநியோகித்துவிடுங்கள். புகை ஒரு தடவையோடு நிற்பதில்லை, டிசம்பரிலும் ஜனவரியிலும் திரும்ப வரும்.

மாறிய எண்கள், மாறிய எழுத்துகள் எல்லாவற்றையும் பட்டியலில் திருத்தி, மார்ச் 31-க்குள் அடுத்த வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள். ஏப்ரலில் வகுப்பு மாறிவிடும், புது ஆசிரியருக்கு அந்தப் பிள்ளையின் அப்பா ராத்திரி எட்டு மணிக்குத்தான் போனோடு வீடு திரும்புவார் என்பது தெரியாது.